500 பேரை வைத்து 5 கி.மீ. ஓட்டம் நடத்தினால் எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு எவ்வளவு நிதி சேரும்?

ஆளுக்கு ₹300 கட்டணம், டி-ஷர்ட், மெடல், காலை டிபன், மிச்சப் பணத்தில் பள்ளிக்குக் கழிப்பறை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். இந்தத் திட்டப்படி நடத்தினால் கழிப்பறைக்கு ஒன்றும் மிஞ்சாது. உங்கள் கையைத்தான் கடிக்கும்.

கணக்கைப் பாருங்கள். வரவு 500 × 300 = ₹1,50,000. டி-ஷர்ட் ₹150 வீதம் 75,000. மெடல் ₹55 வீதம் 27,500. எண் அட்டையும் ஊக்கும் ₹12 வீதம் 6,000. இட்லி, பொங்கல், வடை, காபி ₹60 வீதம் 30,000. ஷாமியானா, மைக் செட் 20,000. தண்ணீர், முதலுதவி, ஆம்புலன்ஸ் டீசல் 8,000. நோட்டீஸ், பேனர் 6,000. ஆன்லைன் கட்டணத்துக்கான கமிஷன் சுமார் 3,500. மொத்தம் ₹1,76,000, அதாவது 26,000 நஷ்டம். திருப்பூரில் நேரடியாக வாங்கினால் டி-ஷர்ட் மலிவு என்று யாராவது சொல்வார்கள். சரி, ஒன்றுக்கு ₹30 குறைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 11,000 இடிக்கிறது. விலை ஊருக்கு ஊர் மாறும் என்பது எனக்கும் தெரியும். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கூட்டிப் பாருங்கள்.

உங்கள் ஊர் நகைக்கடைக்காரர் யாராவது டி-ஷர்ட் செலவை ஏற்றுக்கொள்கிறார் என்றால், அந்த 75,000ஐ அப்படியே பள்ளிக்குத் தரச் சொல்லுங்கள். ஓட்டம் தொடங்கும் இடத்தில் அவர் பெயரைப் பெரிதாகப் போட்டுவிடலாம். அலமாரியில் ஏற்கெனவே நாலு டி-ஷர்ட் இருப்பவருக்கு ஐந்தாவது எதற்கு?

ஓடுபவர் கட்டும் கட்டணத்தில் நிதி சேராது. ஓடுபவர் பிறரிடம் திரட்டி வரும் பணத்தில்தான் சேரும். டெர்ரி ஃபாக்ஸ் கதையே இதற்குச் சாட்சி. எலும்புப் புற்றுநோயில் வலது காலை இழந்த அந்தக் கனடா இளைஞர், 1980 ஏப்ரல் 12 அன்று செயின்ட் ஜான்ஸ் நகரில் செயற்கைக் காலோடு ஓடத் தொடங்கினார். 143 நாளில் 5,373 கி.மீ. ஓடியபின், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் தண்டர் பே அருகே நிறுத்த வேண்டியதாயிற்று. புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கனடியர் ஒவ்வொருவரும் ஒரு டாலர் தர வேண்டும் என்பது அவர் கேட்டது. 1981 பிப்ரவரிக்குள் 2.4 கோடி டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. அன்றைய கனடாவின் மக்கள்தொகையும் ஏறக்குறைய அதுதான். அவர் பெயரில் நடக்கும் ஓட்டங்களில் நுழைவுக் கட்டணம் இல்லை, பரிசு இல்லை, வெற்றி தோல்வி இல்லை.

அதே வழியை உங்கள் ஊருக்குத் தகுந்தபடி செய்யலாம். பதிவுக் கட்டணம் ₹100 போதும். கூடவே ஒவ்வொருவருக்கும் வரிசை எண் போட்ட ஒரு நிதி அட்டை கொடுங்கள். பெயர், தொகை, கையெழுத்து அல்லது யுபிஐ பரிவர்த்தனை எண்ணின் கடைசி நாலு இலக்கம் எழுதப் பத்து வரி இருக்கட்டும். கி.மீ.க்கு இவ்வளவு என்று எழுதி வாங்க வேண்டாம். ஓடி முடித்தபின் அந்தப் பணத்துக்கு வீடு வீடாக அலைய நேரும். மொத்தத் தொகையாக, ஓட்டத்துக்கு முன்பே வாங்கிவிடச் சொல்லுங்கள். 500 பேரில் 100 பேர் மட்டும் பத்துப் பேரிடம் நூறு நூறு ரூபாய் வாங்கினாலே ஒரு லட்சம். அட்டை காலியாக இருந்தாலும் திரும்ப வர வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு நேராகாது.

க்யூஆர் கோடு எவருடைய சொந்த ஜிபேயாகவும் இருக்கக் கூடாது. எவ்வளவு யோக்கியமானவராக இருந்தாலும் சரி. அரசுப் பள்ளி என்பதால் தலைமை ஆசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் முதலில் பாருங்கள். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை வாங்கும் தமிழக அரசின் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாகவும் கொடுக்கலாம். அறக்கட்டளை வழியாக வாங்குவதானால் மூன்று விஷயம் நினைவிருக்கட்டும். ₹2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுப்பவருக்கு நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடையாது. டிபன், டி-ஷர்ட் கொடுத்து வாங்கிய கட்டணத்துக்கு நன்கொடை ரசீது எழுதாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர் பணம் ஆகும், இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை அவரிடம் இருந்தாலும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) பதிவு இல்லாத அறக்கட்டளை அதைத் தொடவே கூடாது.

பொங்கல் முடிந்து பிப்ரவரி நடுவரை உள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, மார்ச்சில் பரீட்சை, அதற்குப் பிறகு வெயில். முகூர்த்த நாளைத் தவிருங்கள், ஷாமியானாவும் சமையல் ஆளும் அன்று கிடைக்க மாட்டார்கள். காவல் நிலையத்திலும் நகராட்சியிலும் ஒரு மாதம் முன்பே, பாதை வரைபடத்தோடு மனு கொடுங்கள். மாநில நெடுஞ்சாலையைத் தொட்டால் நெடுஞ்சாலைத் துறைக்கும் ஒரு மனு. ஒலி மாசு விதிகள் (2000) படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆகவே ஐந்தரைக்கே பாட்டுப் போட்டு ஆட வைக்கும் திட்டமெல்லாம் வேண்டாம். அறிவிப்புகளை முந்தின நாளே செய்தியாக அனுப்பிவிட்டு, சரியாக 6 மணிக்குக் கொடியசையுங்கள்.

தூரத்தை போன் ஜிபிஎஸ்ஸை நம்பி அளக்காதீர்கள். மரமும் கட்டடமும் உள்ள தெருவில் அது தப்பும். இரும்பு டேப்பால் 300 மீட்டர் அளந்து, அதில் சைக்கிள் சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணி, அந்தச் சக்கரத்தால் பாதை முழுவதையும் அளங்கள். கி.மீ.க்கு ஒரு மீட்டர் கூட்டி 5,005 மீட்டராக வைத்தால் குறைந்துபோகாது.

தண்ணீரில்தான் பல ஓட்டங்கள் சொதப்புகின்றன. 2.5 கி.மீ.யில் ஒரு பந்தல், முடிவிடத்தில் ஒன்று. நடுப்பந்தலில் ஆளுக்குச் சராசரி 1.3 டம்ளர், டம்ளருக்கு 150 மி.லி. என்று வைத்தால் சுமார் 100 லிட்டர், ஐந்து கேன். முடிவிடத்துக்குப் பத்து கேன். தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பாத்திர வாடகைக் கடையில் 250 எவர்சில்வர் டம்ளர் எடுத்து, ஓட்டம் தொடங்கும்போதே நிரப்பி வையுங்கள். ஆள் வந்தபின் ஊற்ற ஆரம்பித்தால் கூட்டம் சாலையில் தேங்கும். காலி டம்ளருக்கு அன்னக்கூடை மேசைக்குப் பக்கத்தில் வேண்டாம், 30 மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

மயக்கம் பெரும்பாலும் முடிவுக்கோட்டைத் தாண்டியதும்தான் வரும். சட்டென்று நிற்கும்போது ரத்தம் காலிலேயே தங்கிவிடுகிறது. அதனால் கோட்டுக்கு அப்பால் 50 மீட்டர் நடக்க இடம் விடுங்கள். டிபன் மேசை அதற்கும் அப்பால். மயங்கியவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். உடம்பு கொதித்து, பேச்சும் குழறினால் அது வெப்பத் தாக்கு. ஐஸ் தண்ணீரை ஊற்றி உடம்பைக் குளிர்விப்பதுதான் முதல் வேலை, ஆஸ்பத்திரிப் பயணம் அதோடு சேர்ந்து நடக்கட்டும். 108 வண்டி அவசரத்துக்கு அழைப்பது, நாள் முழுக்க நிறுத்தி வைப்பதற்கு அல்ல. உள்ளூர் மருத்துவமனை ஒன்றிடம் ஆம்புலன்ஸும் ஒரு நர்ஸும் கேளுங்கள், அநேகமாகத் தருவார்கள்.

கேட்ட கேள்விக்கு நேரடித் தொடர்பில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் காட்டுவதற்காகப் பள்ளிப் பிள்ளைகளை விளையாட்டு ஆசிரியர் மூலம் வரவழைக்கிற வழக்கம் பல ஊரில் இருக்கிறது. வெறும் வயிற்றோடு ஐந்தரைக்கு வந்து வரிசையில் நிற்கும் பிள்ளைகள், ஏழு மணிக்கு வரும் சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருந்து, பொன்னாடைகள் போர்த்தி முடிந்தபின் ஓடுகிறார்கள், அதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. அவர்கள் நன்மைக்கென்று நடத்தும் ஓட்டத்தில் அவர்களையே வதைப்பது என்ன நியாயம்? வர விரும்பும் பிள்ளைகள் பெற்றோரோடு வரட்டும். அவர்களிடம் நிதி அட்டையும் கட்டணமும் வேண்டாம். விருந்தினர் வர நேரமானால் பள்ளியின் மூத்த ஆயாம்மா கொடியசைக்கட்டும்.

ஓட்டம் முடிந்து ஏழு நாளில் வசூலை நிறுத்தி, பதினைந்தாம் நாளுக்குள் கணக்கைப் பள்ளி வாசலில் ஒட்டுங்கள். அட்டை எண் வாரியாக வரவு, பில் வாரியாகச் செலவு, திரும்பி வராத அட்டைகளின் எண் மூன்றும் அதில் இருக்க வேண்டும்.