அஞ்சிய இடத்திலேயே

அன்புள்ள ஐயா,

மதுரை திருநகரில் இருக்கிறேன். தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. அப்பாவின் வைத்தியத்துக்கு வாங்கிய கடன் அவர் போன பிறகும் தீரவில்லை. நகை அடகு ஒரு பக்கம், தண்டல் ஒரு பக்கம். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. வராத நேரத்தில் எப்போது வருமோ என்றிருக்கிறது. முழுக் கணக்கு வீட்டில் யாருக்கும் தெரியாது. மனசு தாங்காத நாட்களில் கீழக்குயில்குடி மலையில் செட்டிப்புடவு புத்தர் முன்னால் போய் உட்காருவேன். ஆசையை விடச் சொல்கிறார் அவர். நான் ஆசைப்பட்டா கடன் வாங்கினேன்? என்னைப் போன்ற குடும்பஸ்தனுக்கு அவரிடம் தைரியம் ஏதும் உண்டா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

செட்டிப்புடவில் இருப்பவர் புத்தர் அல்ல, மகாவீரர். அது சமணர் மலை. பலரும் அப்படி நினைப்பதுண்டு. அங்கே உங்களுக்குக் கிடைத்த ஆறுதல் இதனால் குறைந்துவிடாது, தொடர்ந்து போங்கள்.

ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்ற ஒற்றை வரியைத்தான் பள்ளிக்கூடம் நமக்குக் கொடுத்தது. தகப்பனைக் காப்பாற்றக் கடன்பட்டவனிடம் அந்த வரியை மட்டும் நீட்டுவது கொடுமை. புத்தர் அப்படி நீட்டியவர் அல்ல. கடனைப் பற்றியே அவர் பேசியிருக்கிறார். அவர் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் ஒரு சூத்திரம், அதாவது ஓர் உரை: இல்லாமை, கடன், வட்டி, கேட்டு நெருக்குதல், விடாமல் துரத்துதல், சிறைப்படுதல் என்று ஒவ்வொரு படியாகச் சொல்லி, இதுவும் துன்பம்தானே என்று துறவிகளிடம் கேட்கிறார். வீடு வாசல் விட்டவர்களுக்குக் கடன்காரன் படும் பாட்டை எடுத்துச் சொல்கிறார். அந்தப் பாட்டை அவர் சிறிதாக நினைக்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது அதேபோன்ற இன்னொரு தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் 4-ஆவது சூத்திரம். ஜானுஸ்ஸோணி என்ற அந்தணர், காட்டில் தனியே இருப்பது கடினமாயிற்றே என்கிறார். ஆமாம், ஞானம் பெறுவதற்கு முன் எனக்கும் அப்படித்தான் தோன்றியது என்கிறார் புத்தர். பிறகு தான் செய்ததைச் சொல்கிறார். அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமி போன்ற இரவுகளில், மயிர்க்கூச்செறியும் காட்டுக் கோயில்களாகப் பார்த்துப் போய்த் தங்கியிருக்கிறார். மான் ஒன்று நடந்து வரும். மயில் ஒரு சுள்ளியைத் தட்டிவிடும். காற்றில் சருகு சலசலக்கும். இதோ, பயம் வருகிறது என்று மனம் பதறும். அப்போது அவருக்கு ஒரு கேள்வி எழுகிறது: நான் ஏன் எப்போதும் பயத்தை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறேன்?

தம்பி, எப்போது வருமோ என்று நீங்கள் எழுதியதும் இதுதான்.

அவர் கண்ட வழி மிக எளியது. நடக்கும்போது பயம் வந்தால், அது அடங்கும்வரை நிற்கவில்லை, உட்காரவில்லை, படுக்கவில்லை, நடந்துகொண்டே இருந்தார். நிற்கும்போது வந்தால் நின்றபடியே. படுத்திருக்கையில் வந்தால் எழுந்து ஓடாமல் படுத்தபடியே. பயப்படாதே என்று அவர் சொல்லவில்லை, கவனியுங்கள். பயம் வந்த இடத்தைவிட்டு நகராமல் இருந்தார், அவ்வளவுதான். போதனைகளிலேயே எனக்கு மிக நெருக்கமான இடம் இது. கடவுளையோ மந்திரத்தையோ துணைக்குக் கூப்பிடாமல், இருந்த நிலையிலேயே ஒரு மனிதர் தன் பயத்தைப் பார்த்து முடிக்கிறார்.

கடையில் துணி அளந்துகொண்டிருக்கையில் போன் அடிக்கிறதா? அளந்து முடியுங்கள். கிழித்து, மடித்து, பில் போடக் கொடுங்கள். மாடிப்படிக்கு அடியில் போய் நிற்க வேண்டாம், போனை அணைக்கவும் வேண்டாம். அந்த வேலை முடிந்ததும் நீங்களே திருப்பிக் கூப்பிடுங்கள். முதல் சில தடவை கை நடுங்கும். நடுங்கட்டும்.

அதே சூத்திரத்தில், செயலும் சொல்லும் பிழைப்பும் சுத்தமில்லாதவர்களுக்கு அந்தக் குறையாலேயே காட்டில் பயம் வருகிறது என்றும் சொல்கிறார். என்னிடம் அந்தக் குறை இல்லை என்று கண்டபோது தனக்கு உறுதி கூடியதாம். நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் கணக்கை வீட்டில் மறைக்கிறீர்கள். உங்கள் பயத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எது வரை கட்டியாயிற்று என்று ஒரு நோட்டில் எழுதி, அதை வீட்டாரிடம் காட்டுங்கள்.

மதுரையில் பௌத்தத்தைத் தேடுகிறீர்கள் என்றால் மணிமேகலைக்குள் போங்கள். அதில் வரும் ஆபுத்திரன் ஊரால் விரட்டப்பட்டு மதுரைக்கு வந்தவன். பிச்சை எடுத்துக் குருடர், செவிடர், முடவர், நோயாளிகளை ஊட்டி, மிச்சத்தைத் தான் உண்டு, பிச்சையெடுக்கும் திருவோட்டைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறான். ஒரு மழைக்கால நள்ளிரவில் பசித்தவர்கள் வந்து எழுப்புகிறார்கள். கையில் ஒன்றுமில்லை. ஒளிந்துகொள்ளவில்லை அவன், கொடுக்க வழியில்லையே என்று அவர்கள் முன்னாலேயே தவிக்கிறான். அமுதசுரபி கிடைப்பது அந்தத் தவிப்புக்குப் பிறகுதான். உங்களைத் தேடி வருகிறவர்கள் பசித்தவர்கள் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இல்லை என்பதை முகம் பார்த்துச் சொல்ல முடியும் என்பதற்காக அவனைச் சொல்கிறேன்.

ஒன்று மட்டும். பொறுமை என்ற பெயரில் மிரட்டலைச் சகிக்காதீர்கள். தண்டல்காரர் கேட்பது கந்துவட்டியோ மீட்டர் வட்டியோ என்றால், அதைத் தடைசெய்யும் சட்டம் 2003 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. வீட்டு வாசலில் வந்து கத்தினால் நோட்டை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள். தனியாகப் போகாமல் கூட ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். நோட்டை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.