மூன்று மாதமாகத் தங்கையை அடிக்கும் மகன்: பரம்பரைக் கோபமா?

பரம்பரைக் கோபம் என்று அப்பத்தா சொல்வதை வைத்து முடிவு கட்டாதீர்கள். சுபாவத்துக்கும் ஒரு பங்கு உண்டுதான். ஆனால் ஒன்பது வயதுப் பையன் மூன்று மாதமாகத்தான் தங்கையை அடிக்கிறான் என்றால், இந்த மூன்று மாதத்தில் வீட்டில் என்ன மாறியது?

நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: காரைக்குடி வீட்டுக்கு ஓடு மாற்றும் செலவுக்காகப் பங்காளிகள் வளவு முற்றத்தில் நின்று கத்துகிறார்கள், ஒருநாள் கைகலப்பே ஆனது. எனக்கு அதுதான் காரணமாகப் படுகிறது. 1961இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா ஒரு சோதனை வெளியிட்டார். பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைக் குழந்தைகள் பார்த்தார்கள். அப்புறம் நல்ல விளையாட்டுச் சாமான்களைக் காட்டி, உடனே மறுத்து, அவர்களைக் கொஞ்சம் எரிச்சலூட்டினார்கள். பிறகு அதே பொம்மை கிடைத்ததும், பலர் தாங்கள் பார்த்த அடியை அப்படியே அடித்தார்கள், கேட்ட சொற்களையும் சொன்னார்கள். உங்கள் மகன் அடிக்கும்போது என்ன வார்த்தை சொல்கிறான், கவனித்தீர்களா? அது யாருடைய வார்த்தை?

இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறியுங்கள்: எப்போது அடித்தான், அதற்கு ஒரு மணி நேரம் முன் என்ன நடந்தது, பசியா, தூக்கம் குறைவா. சண்டை நடந்த நாட்களோடு ஒத்துப்போனால், பங்குப் பேச்சை அவன் பள்ளியில் இருக்கும் நேரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். பள்ளிவிட்டு வந்ததும்தான் அடிக்கிறான் என்றால், அங்கே அவனை யாரோ அடிக்கலாம். பெரியவனிடம் காட்ட முடியாத கோபம் சின்னவளிடம் இறங்கும். சாப்பாடு போடும்போது மெதுவாகக் கேளுங்கள். அடித்ததற்காக நீங்கள் அவனை அடிக்க வேண்டாம்.

ஒன்று மட்டும்: காயம் வரும் அளவுக்கு அடித்தாலோ, நாய் பூனையைத் துன்புறுத்தினாலோ நோட்டு போதாது. மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.