பாட்டில் கழுவுகிற வேலைதானா?

கேள்வி: நான் திண்டுக்கல்லைச் சேர்ந்தவள். எம்.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்திருக்கிறேன். சென்னையில் ஒரு பல்கலைக்கழக உயிர்மருத்துவ ஆய்வகத்தில், சர்க்கரை நோயால் வரும் சிறுநீரகப் பாதிப்பு பற்றிய புராஜெக்டில் ஆராய்ச்சி உதவியாளராகத் தேர்வாகியிருக்கிறேன். நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேர்ச்சி இல்லை. அப்பா பி.எட். சேரச் சொல்கிறார். மாமாவோ, "லேபில் பாட்டில் கழுவ விடுவாங்க, அதுக்கா இவ்வளவு படிச்சே?" என்கிறார். கல்லூரியில் டைட்ரேஷன் செய்ததைத் தவிர எனக்குக் கைப்பழக்கம் எதுவும் இல்லை. சேரலாமா? சேர்ந்தால் எதற்குத் தயாராக இருக்க வேண்டும்?

பதில்: மாமா சொன்னதில் பாதி உண்மை. பாட்டில் கழுவத்தான் வேண்டும். ஆனால் அது மாமா நினைக்கிற வேலை இல்லை. செல் வளர்க்கும் மீடியா, அதாவது செல்லுக்கான ஊட்டக் கரைசல், வைக்கிற பாட்டிலில் சோப்பு துளி ஒட்டியிருந்தாலும் செல்கள் செத்துப்போகும். ஏன் செத்தன என்று இரண்டு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டு இருப்பீர்கள். அதனால் குழாய்த் தண்ணீரில் பலமுறை, கடைசியில் டபுள் டிஸ்டில்டு தண்ணீரில் அலசி, காயவைத்து, ஆட்டோகிளேவில் (பிரஷர் குக்கர் மாதிரி நீராவியால் கிருமி கொல்லும் கருவி) 121 டிகிரியில் 15 பவுண்டு அழுத்தத்தில் 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுப்பார்கள். பணம் உள்ள லேபில் இதற்குத் தனி ஆள் இருப்பார். பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் நீங்களேதான்.

சேரலாமா என்பதற்கு என் பதில், சேருங்கள். ஆனால் சம்மதம் சொல்லும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பேராசிரியரைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அங்கே பிஎச்.டி. செய்துகொண்டிருக்கும் அக்கா ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரோடு கேண்டீனில் ஒரு டீ குடியுங்கள். அவரிடம் மூன்று விஷயம் கேட்க வேண்டும்.

முதலாவது, புராஜெக்ட் முடியும் தேதி. இந்த வேலைகள் எல்லாம் புராஜெக்டோடு முடிகிறவை. பணி ஆணையிலேயே அப்படித்தான் இருக்கும். மூன்று வருடப் புராஜெக்ட் என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும், உங்களுக்கு முன் ஒருவர் இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போயிருந்தால் மிச்சம் ஒரு வருடம்தான்.

இரண்டாவது, கடைசியாக எந்த மாதச் சம்பளம் வந்தது என்பது. கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். நிதி தரும் அமைப்பு பணத்தைத் தவணையாகத்தான் விடும். முந்தைய பணத்தைச் செலவழித்ததற்கான யூடிலைசேஷன் சான்றிதழ் பல்கலைக்கழக நிதி அலுவலகத்திலிருந்து போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த தவணை. அந்தக் காகிதம் ஒரு மேஜையில் படுத்துக்கொண்டால் உங்கள் சம்பளமும் படுத்துவிடும். பிறகு பாக்கி மொத்தமாக வரும். ஆனால் சென்னையில் ஹாஸ்டல்காரர் மொத்தமாக வரும்வரை காத்திருக்க மாட்டார். மூன்று மாதச் செலவுக்குக் கையில் பணம் இல்லாமல் கிளம்பாதீர்கள். அப்புறம், எவ்வளவு சம்பளம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். 2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். எனும் முதுநிலை உதவித்தொகை 42,000 என்று நீங்கள் படித்திருக்கலாம். அது நெட், கேட் போன்ற தேர்வுகளில் தேறியவர்களுக்கானது. உங்கள் பதவிப் பெயர் வேறு, தொகையும் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். வீட்டு வாடகைப் படி உண்டா இல்லையா என்பதையும் ஆணையில் பாருங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். அந்த அக்கா தீசிஸ் எப்போது சமர்ப்பிக்கப்போகிறார்? லேப் வித்தை பேராசிரியரின் தலையில் இருக்கிறதோ இல்லையோ, சீனியர்களின் கையில் இருக்கிறது. எந்த ஆன்டிபாடி (நாம் தேடும் பொருளைக் கண்டுபிடித்து ஒட்டும் புரதம்) வேலை செய்யாது, எந்த சென்ட்ரிஃபியூஜ் (வேகமாகச் சுற்றிப் பிரிக்கும் இயந்திரம்) சத்தம் போட்டால் பயப்பட வேண்டாம், எது சத்தம் போட்டால் உடனே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் எந்தப் புரோட்டோகாலிலும் எழுதியிருக்காது. அவர் இன்னும் ஒரு வருடமாவது இருப்பார் என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். அடுத்த மாதம் கிளம்புகிறார், வேறு சீனியரும் இல்லை என்றால் நான் கொஞ்சம் யோசிப்பேன். மூன்றில் முதல் இரண்டும் சுமாராக இருந்தாலும் இது நன்றாக இருந்தால் போய்விடுவேன்.

சரி, சேர்ந்துவிட்டீர்கள். முதல் மாதம் முழுக்க மைக்ரோபிப்பெட்தான், மிகச் சிறிய அளவு நீர்மத்தை அளந்து எடுக்கும் கருவி. பார்க்க ஒன்றுமில்லாத சாமான். அழுத்தினால் ஒரு இடத்தில் நிற்கும், இன்னும் அழுத்தினால் இரண்டாவது இடத்தில் நிற்கும். முதல் நிறுத்தம் வரை அழுத்தி, முனையை நீர்மத்துக்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் விட்டு, கட்டைவிரலை மெதுவாக விட வேண்டும். வெளியேற்றும்போது இரண்டாவது நிறுத்தம் வரை போக வேண்டும். புதியவர்கள் எடுக்கும்போதே இரண்டாவது வரை அழுத்திவிடுவார்கள்; அளவு கூடிவிடும். விரலைப் படக்கென்று விட்டால் காற்றுக் குமிழி ஏறி அளவு குறைந்துவிடும். உங்கள் கை எப்படி என்று தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டாம். நான்கு தசமம் காட்டும் தராசில் ஒரு சிறு குழாயை வைத்து ஜீரோ செய்யுங்கள். 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் விடுங்கள். ஏறக்குறைய 100 மில்லிகிராம் காட்ட வேண்டும், அதாவது 0.1 கிராம். மறுபடி ஜீரோ, மறுபடி 100. பத்து முறை. எண்கள் ஒரு மில்லிகிராமுக்கு மேல் இங்கும் அங்கும் ஓடினால் கை இன்னும் பழகவில்லை. எல்லாம் ஒரே மாதிரி 96, 96 என்றே வந்தால் கை சரி, பிப்பெட்டைத்தான் சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும். தண்ணீரில் பழகிய பிறகு சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்மத்தில், செய்து பாருங்கள். அது கொழகொழப்பானது, டிப்பின், அதாவது பிப்பெட் முனையின், சுவரில் ஒட்டும். டிப்பை ஒருமுறை நனைத்துக்கொண்டு, இன்னும் மெதுவாக எடுக்க வேண்டும்.

உங்கள் புராஜெக்டில் நோயாளிகளின் ரத்தமும் சிறுநீரும் வரும் என்று நினைக்கிறேன். காலையில் மருத்துவமனையிலிருந்து சாம்பிள் பெட்டி வந்தால் அன்றைய நாள் அதன் பின்னால்தான் ஓடும். மூடியின் நிறத்தை முதல் நாளே மனப்பாடம் செய்யுங்கள். ஊதா மூடி என்றால் உள்ளே ஈ.டி.டி.ஏ. இருக்கிறது, ரத்தம் உறையாது, டி.என்.ஏ. எடுக்க நல்லது. ஆனால் அதில் இருப்பது பொதுவாக ஈ.டி.டி.ஏ.வின் பொட்டாசியம் உப்பு. அந்தக் குழாயில் பொட்டாசியம் பார்த்தால் எக்கச்சக்கமாக வரும், கால்சியம் பார்த்தால் தரைதட்டும். சிறுநீரகப் புராஜெக்டில் இது சின்னத் தப்பு இல்லை. சாம்பல் மூடியில் ஃபுளூரைடு இருக்கும், அது குளுக்கோஸுக்கு. சாதாரணக் குழாயில் ரத்தத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தால், உள்ளே இருக்கும் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் நோயாளியின் சர்க்கரையை நீங்களே குறைத்துவிடுவீர்கள். சீரம் வேண்டுமென்றால் அரைமணி நேரம் உறையவிட்டு, பிறகு சென்ட்ரிஃபியூஜ். சுற்றியதும் சிறு சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 80-ல் வைத்துவிடுங்கள். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் உள்ளே இருக்கிற புரதம் கெட்டுப்போகும்.

பெயர் எழுதுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் அடிபட்டவன் நான். சேர்ந்த முதல் வருடம், நாற்பது சீரம் குழாய்களின் மூடியில் மார்க்கரால் எண் எழுதி ரேக்கில் அடுக்கினேன். சுத்தமாக இருக்கட்டும் என்று 70 சதவீத ஆல்கஹாலைத் தெளித்து, பஞ்சால் ஒரு துடை. நாற்பது எண்களும் பஞ்சில் ஊதாக் கறையாக வந்துவிட்டன. நாற்பது பேர் காலையில் வெறும் வயிற்றோடு வந்து ஊசி குத்திக்கொண்டு போனவர்கள். பேராசிரியர் திட்டவில்லை, "நீயே போய் டாக்டரிடம் சொல்லு" என்றார். திட்டியிருக்கலாம். அதற்குப் பிறகு நான் எழுதுவது பென்சிலால், குழாயின் சொரசொரப்பான வெள்ளைப் பட்டையில். பென்சில் எழுத்தை ஆல்கஹால் தொடாது. மூடியிலும் எழுதுவேன், உடம்பிலும் எழுதுவேன், மூடி மாறிவிடும் என்பதால். எழுதுவது சாம்பிள் எண், தேதி, என் முதலெழுத்து. நோயாளியின் பெயரை எழுதவே கூடாது. எண்ணுக்கும் பெயருக்குமான பட்டியல் பூட்டிய அலமாரியில் இருக்கும்.

அடுத்தது நோட்டு. பக்க எண் போட்ட தைத்த நோட்டு, பேனா, அன்றன்றைக்கே எழுதுவது. துண்டுச்சீட்டில் குறித்துவைத்து ஞாயிற்றுக்கிழமை அழகாகப் பிரதி எடுக்கும் வழக்கம் கல்லூரி ரெக்கார்டோடு போகட்டும். தப்பாக எழுதினால் ஒரு கோடு இழுத்து அடியுங்கள், ஒயிட்னர் வேண்டாம். ஆன்டிபாடியின் லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி), செல்லின் பாசேஜ் எண் (எத்தனையாவது முறை பிரித்து வளர்த்தது), அன்று மின்தடை இருந்ததா என்பதுவரை எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ரிசல்ட் மாறும்போது அந்த வரிதான் கைகொடுக்கும்.

செல் வளர்ப்பும் இருந்தால், அது கைக்குழந்தை மாதிரி. 37 டிகிரி, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு, இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை புது மீடியா. ஞாயிறும் கிடையாது தீபாவளியும் கிடையாது. மீடியா சிவப்பாக இருக்க வேண்டும். மஞ்சளாகிவிட்டால் அமிலம் சேர்ந்திருக்கிறது, செல்கள் பெருகி உணவு தீர்ந்திருக்கலாம். மஞ்சளோடு கலங்கலும் இருந்தால் பாக்டீரியா. அழாமல் ஆட்டோகிளேவுக்கு அனுப்புங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் முன் ஒரு பகுதியை திரவ நைட்ரஜனில் உறையவைத்துவிட்டுப் போவது புத்திசாலித்தனம்.

இந்தப் புராஜெக்டில் உங்களை யாரோ ஒருநாள் கட்டாயம் கேட்கப்போகும் கேள்வி, "கன்ட்ரோல் எங்கே?" என்பது. கன்ட்ரோல் என்றால் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் மாதிரி. சிறுநீரகக் குழாய்ச் செல்களைச் சாதாரண அளவான 5.5 மில்லிமோலார் (கரைசலின் செறிவை அளக்கும் அலகு) குளுக்கோஸிலும், அதிக அளவான 30 மில்லிமோலாரிலும் வளர்க்கிறீர்கள். 30-ல் செல்கள் சேதமாகின்றன. சர்க்கரைதான் காரணமா? இல்லாமலும் இருக்கலாம். எதைக் கரைத்தாலும் கரைசல் அடர்த்தியாகும், செல்லிலிருந்து தண்ணீரை இழுக்கும். அதனால்தான் மூன்றாவது தட்டில் 5.5 குளுக்கோஸோடு 24.5 மில்லிமோலார் மானிட்டால் (செல்லுக்குள் எளிதில் போகாத ஒரு பொருள்) சேர்த்து வைப்பார்கள். கரைசலின் இழுவிசை அதே அளவு, சர்க்கரை மட்டும் அதிகமில்லை. அந்தத் தட்டில் செல்கள் நன்றாக இருந்தால்தான் சர்க்கரையைக் குற்றவாளி என்று சொல்லலாம். இதை நீங்களாகவே யோசித்துக் கேட்கும் நாளிலிருந்து லேபில் உங்களை நடத்தும் விதம் மாறும்.

ரிசல்ட் எதிர்பார்த்தபடி வராத நாட்கள்தான் அதிகம். வராததை வரவில்லை என்றே எழுதுங்கள், சாரிடமும் அப்படியே சொல்லுங்கள். ஜெல், பிளாட் (டி.என்.ஏ.வோ புரதமோ பட்டைகளாகத் தெரியும்) படங்களின் மூலக் கோப்பை அழிக்காமல் தேதியோடு வையுங்கள். யாராவது "அந்த ஒரு எண்ணை எடுத்துவிடு" என்றால், ஏன் எடுத்தோம் என்பதை நோட்டில் எழுதிவிட்டு எடுக்கலாமா என்று பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஆய்வுக் கட்டுரையில் பெயர் வருமா என்பது நீங்கள் கேட்காத கேள்வி, ஆனால் ஒரு வருடம் கழித்துக் கேட்பீர்கள். மருத்துவ இதழ்கள் பின்பற்றும் ஐ.சி.எம்.ஜே.இ. விதிப்படி, தரவு சேகரித்ததால் மட்டும் ஒருவர் ஆசிரியர் ஆகிவிட முடியாது. கட்டுரையை எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு வேண்டும், கடைசி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும், அதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும். எனவே முறைகள் பகுதியின் முதல் வரைவை நானே எழுதித் தரட்டுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். யாருக்குமே பிடிக்காத வேலை அது, உடனே கொடுத்துவிடுவார்கள்.

நெட் படிக்க நேரம் கிடைக்குமா என்றால், மாலை ஏழு மணிக்கு ஹாஸ்டல் திரும்பியபின் தூக்கம்தான் வரும். காலையில் படியுங்கள். 2024 முதல் நெட் மதிப்பெண்ணை பிஎச்.டி. சேர்க்கைக்கும் பயன்படுத்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அறிவித்திருப்பதால், ஜே.ஆர்.எஃப். கிடைக்காமல் போனாலும் எழுதியது வீணில்லை. லேபில் கைப்பட பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை) ஓட்டியவருக்கு அந்தப் பாடம் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. அப்பாவிடம் ஒரு வருடம் கேளுங்கள். பி.எட். அடுத்த ஆண்டும் இருக்கும், இந்த இடம் இருக்காது.

கடைசியாகப் பாதுகாப்பு. மனித ரத்தத்தோடு வேலை செய்பவர் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாமல் லேபுக்குள் கால் வைக்கக் கூடாது. பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள்; பல பேர் குத்திக்கொள்வது அப்போதுதான். அது வெள்ளைப் பெட்டிக்குள் போக வேண்டும்; ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், பிளாஸ்டிக் சிவப்பில், கண்ணாடி நீலத்தில். கையுறை போட்ட கையால் செல்போனைத் தொடக் கூடாது, கதவுக் கைப்பிடியையும்தான். துப்பட்டாவைப் பின் குத்திக்கொள்ளுங்கள், பர்னர் பக்கத்தில் இருக்கும். விரல் தெரியும் செருப்பு வேண்டாம். தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். லேபில் போடுவார்கள் என்று காத்திருந்தால் முதல் சாம்பிள் பெட்டி அதற்கு முன்பே வந்துவிடும். முதல் ஊசியைத் திண்டுக்கல்லிலேயே போட்டுக்கொண்டு, அட்டையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள்.