மனதுக்குள் இருப்பது சொல்லா, உருவமா?

நாம் சிந்திப்பதெல்லாம் தாய்மொழிச் சொற்களில்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்பதே என் பதில். அதை எனக்குப் புரியவைத்தது என் மகள் தவறாகப் போட்ட ஒரு கணக்கு.

கம்பிகளில் மணிகள் கோத்த கணக்குச் சட்டமான அபாகஸைப் பயிலும் வகுப்புக்குச் செல்லும் அவள், ஒரு நாள் அந்தச் சட்டம் கையில் இல்லாமல், கண்ணை மூடி விரல்களைக் காற்றில் அசைத்தபடியே 38-ஐயும் 29-ஐயும் கூட்டி 62 என்றாள். சரியான விடை 67. ‘எட்டும் ஒன்பதும் பதினேழு, ஏழு போட்டு மீதி ஒன்று’ என்று வாய்க்குள் சொல்லிக் கூட்டும் நான் தவறினால், அந்த மீதியை மறந்து 57 என்பேன். ஐந்து குறைந்து வருவது என் கணக்கில் அரிது. அபாகஸிலோ ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஐந்து மதிப்புள்ள ஒரு மணியும், கீழே ஒன்று மதிப்புள்ள நான்கு மணிகளும் இருப்பதால், ஏழு என்பது மேல்மணி ஒன்றும் கீழ்மணி இரண்டும் சேர்ந்தது. அவள் மனதில் இருந்த சட்டத்தில் அந்த மேல்மணி மட்டும் நழுவிவிட்டது.

அபாகஸ் பயின்ற தைவான் சிறுவர்களிடம் இதே ஐந்து வித்தியாசப் பிழை அதிகம் வருவதை உளவியலாளர் ஜேம்ஸ் ஸ்டிக்லர் 1984-இல் எழுதியிருக்கிறார். குஜராத்தில் அபாகஸ் பயிலும் குழந்தைகளை ஆராய்ந்து மைக்கேல் ஃபிராங்க், டேவிட் பார்னர் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மனதில் மூன்று நான்கு கம்பிகளுக்கு மேல் நிலைநிறுத்துவது அவர்களுக்குக் கடினம். கண்ணால் கண்டதை நினைவில் நிறுத்தும் திறனுக்கும் ஏறத்தாழ அதுவே எல்லை என்பதால், அங்கே வேலை செய்வது காட்சிதான் என்று நான் நம்புகிறேன்.

சொற்களின் இலக்கணம் இல்லாமலும் கணக்கு நடக்கும் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. மூளைப் பாதிப்பால் இலக்கணத்தை இழந்த மூவரை ரோஸ்மேரி வார்லி குழுவினர் பிரிட்டனில் ஆராய்ந்து 2005-இல் எழுதினார்கள். யார் யாரைக் கொன்றார் என்பதை வாக்கியத்தின் அமைப்பிலிருந்து பிரித்தறிய இயலாத அவர்கள், 59-இலிருந்து 13-ஐக் கழிப்பதையும் 13-இலிருந்து 59-ஐக் கழிப்பதையும் குழப்பிக்கொள்ளவில்லை.

ஆயினும் சொல்லுக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வாய்ப்பாடு எனக்கு இன்றும் ஓசைதான். ‘எட்டேழு ஐம்பத்தாறு’ என்று உதடு அசைந்த பிறகே விடை தெரிகிறது. பக்கத்தில் யாராவது எண்களைச் சொன்னால் என் கணக்கு தவறிவிடும். மகளுக்கு அது தொந்தரவாக இல்லை. விரல்களைப் பிடித்துக்கொண்டால்தான் தடுமாறுகிறாள்.