நாத்திகமும் ஒரு மதம்தானா? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அக்கா, சுத்தி வளைக்காம கேக்கறேன். நாத்திகம் ஒரு மதமா இல்லையா?

பதில்: இல்லப்பா. கடவுள் இருக்காரான்னு ஒரே ஒரு கேள்வி, அதுக்கு "இல்ல" இல்லாட்டி "இருக்கறதா எனக்குப் படல"ன்னு ஒரு பதில், நாத்திகம்னா அவ்வளவுதான். மதம்னு எடுத்துக்கிட்டா புராணம், சடங்கு, இதைச் செய் இதைச் செய்யாதன்னு ஒரு நெறி, செத்தப்புறம் என்ன ஆகும்ங்கறதுக்கு ஒரு பதில், நாமெல்லாம் ஒரே கூட்டம்ங்கற உணர்வுன்னு எத்தனையோ சேர்ந்து வரும். ரெண்டு நாத்திகங்க அரசியல்லயும் ஒழுக்கத்துலயும் எதுலயுமே ஒத்துப்போகாம இருக்கலாம், அப்பவும் ரெண்டு பேரும் நாத்திகங்கதான்.

கேள்வி: கடவுள் இல்லாத மதமும் இருக்கே மேடம், சமணம் பௌத்தம் எல்லாம்?

பதில்: ஆமா, சமணத்துல உலகத்தைப் படைச்ச கடவுள்னு ஒருத்தர் கிடையாது. ஆனா வினை இருக்கு, மறுபிறவி இருக்கு, துறவு இருக்கு, 24 தீர்த்தங்கரர்கள் இருக்காங்க. அதனால படைச்ச கடவுளை ஏத்துக்காத ஒருத்தர் முழு மதக்காரராவும் இருக்க முடியுது. கடவுள் உண்டா இல்லையாங்கறத வச்சு மட்டும் எது மதம்னு முடிவு பண்ண முடியாது.

கேள்வி: மணிமேகலைல பூதவாதியையும், அதான் நிலம் நீர் மாதிரி பூதங்கள்தான் எல்லாமேன்னு சொல்றவனையும், மத்த சமயக்காரங்களோட ஒரே வரிசைல வச்சிருக்காங்களே, அப்ப அந்தக் காலத்துலயே இதையும் சமயமாத்தானே பார்த்திருக்காங்க?

பதில்: இதுதான் இருக்கறதுலயே பலமான எதிர்வாதம், கேட்டதுக்கு ரொம்ப சந்தோஷம். வஞ்சி நகர்ல மணிமேகலை ஒவ்வொருத்தர்கிட்டயா போய் உங்க கொள்கை என்னன்னு கேக்கறா, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன்னு போய் கடைசில பூதவாதிகிட்ட வர்றா. அவன் என்ன சொல்றான்னா, பூவும் வெல்லமும் மத்ததும் சேர்ந்தா கள்ளுல போதை எப்படி பிறக்குதோ அப்படி பூதங்கள் சேர்ந்தா உணர்வு பிறக்குது, இந்தப் பிறவியும் இதோட பலனும்தான் நிஜம், மறுமைல வினையை அனுபவிக்கறதெல்லாம் பொய், கண்ணால பார்க்கறதுதான் சாட்சி. அவ சிரிச்சுட்டு, உன் அப்பா அம்மா இவங்கதான்னு அனுமானத்தால இல்லாம வேற எப்படி தெரிஞ்சுக்கிட்டேன்னு மடக்கறா.

இப்ப பாருங்க, அவன் "கடவுள் இல்ல"ன்னு மட்டும் சொல்லிட்டு நிக்கல. உலகம் எதால ஆனது, அறிவு எப்படி வருது, செத்தா என்ன ஆகும், எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கான். அப்படி ஒரு முழு உலகப் பார்வை இருக்கறதாலதான் வாதத்துக்கு அவனுக்கும் ஒரு இடம். அதே வரிசைல வைசேடிகனும் நிக்கறான், பொருள்களை வகை பிரிச்சு பேசற அந்தக் கொள்கையை இன்னிக்கு தத்துவம்னுதான் படிக்கறோம். பூதவாதத்தையும் அங்கதான் வைப்பேன் நான். வெறும் மறுப்பு அந்த அளவுக்கே வராது.

கேள்வி: ஆனா அமெரிக்க கோர்ட்டே நாத்திகம் மதம்னு தீர்ப்பு குடுத்துருச்சேன்னு ஒருத்தர் சண்டைக்கு வர்றாரு.

பதில்: பாதிதான் படிச்சிருக்காரு. 2005ல ஒரு அப்பீல் கோர்ட் கேஸ் அது. விஸ்கான்சின் ஜெயில்ல ஒரு கைதி நாத்திகம் படிக்க ஒரு குழு வேணும்னு கேட்டாரு, அதிகாரிங்க அதை மதக்குழுவா எடுத்துக்க மாட்டோம்னுட்டாங்க. மத சுதந்திரத்தைக் காக்கற, அரசியல் சட்டத்தோட முதல் திருத்தத்துக்கு மட்டும் இதையும் மதமா வச்சு பார்க்கணும்னு கோர்ட் சொல்லிச்சு. அதாவது சாமி கும்பிடறவனுக்கு கிடைக்கற பாதுகாப்பு கும்பிடாதவனுக்கும் கிடைக்கணும், அவ்வளவுதான். பிரிட்டன்ல 2010 சமத்துவச் சட்டம் இதையே இன்னும் தெளிவா சொல்லுது, மதம்னு வர்ற இடத்துல மதம் இல்லாததும் சேர்த்தின்னு. எனக்கு அந்த வழிதான் சரின்னு படுது. பாதுகாப்பு குடுக்கறதுக்காக ஒருத்தர் மேல அவர் ஏத்துக்காத பட்டத்தை ஒட்ட வேண்டியதில்ல.

கேள்வி: இல்லன்னு நிரூபிக்க முடியாதுல்ல, அப்ப அதுவும் ஒரு நம்பிக்கைதானே சகோ?

பதில்: உறுதியா "இல்லவே இல்ல"ன்னு சொல்றவங்க அதுக்கு காரணம் சொல்லித்தான் ஆகணும், ஒத்துக்கறேன். நிறைய பேர் "நீங்க காட்டற ஆதாரம் எனக்குப் போதல"ன்னுதான் சொல்றாங்க. சரி, ரெண்டுமே நம்பிக்கைன்னே வச்சுக்குவோம், நம்பறதெல்லாம் மதம் ஆயிடுமா?

கேள்வி: கம்யூனிஸ்ட் ஆட்சில இருந்த அல்பேனியா? அங்க நாத்திகம் அரசாங்க மதமாவே இருந்துச்சே.

பதில்: 1967ல அங்க பள்ளிவாசல், சர்ச் எல்லாத்தையும் மூடினாங்க, 1976 அரசியல் சட்டத்துலயே அரசு எந்த மதத்தையும் ஏத்துக்காதுன்னு எழுதிட்டாங்க. கும்பிட்டதுக்கே ஆளுங்கள ஜெயில்ல போட்டாங்க, பாதிரியார்களைக் கொன்னாங்க. அது கொடுமை, நாத்திகம் பேசறவங்க அதை மழுப்பவே கூடாது. ஆனா அதைச் செஞ்சது ஒரு கட்சியும் அதோட சர்வாதிகாரமும். தலைவரை வழிபடறது, மறுத்துப் பேசினா துரோகின்னு முத்திரை குத்தறதுன்னு மதத்தோட மோசமான பக்கம் அங்க இருந்துச்சு, அது அந்தக் கட்சி வளர்த்த குணம். கடவுளை நம்பாத ஒருத்தருக்கு அந்தக் கட்சியோட எந்த ஒட்டும் உறவும் இருக்கணும்னு அவசியம் கிடையாது.

கேள்வி: அக்கா, பாரத்துல மதம்னு கேட்டா நான் என்ன போட?

பதில்: "மதம் இல்லை"ன்னு கட்டம் இருந்தா அதை டிக் பண்ணுங்க, நாத்திகம்னு எழுதறதை விட அதான் பொருத்தம். இங்கிலாந்து வேல்ஸ் 2021 சென்சஸ்ல 37.2 சதவீதம் பேர் அப்படித்தான் பதில் சொன்னாங்க, அதுல கடவுளை நம்பறவங்களும் இருப்பாங்க. அந்தக் கட்டமே இல்லாத பாரமா இருந்தா, சேர்க்கச் சொல்லி எழுதிக் கேளுங்க.