மகனின் நாடித்துடிப்பு 48: பயப்பட வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. மூன்று வருடமாக 1500 மீட்டர் ஓடுகிறான். பள்ளி மருத்துவ முகாமில் நாடி பார்த்தபோது 48 இருந்தது. இதயம் பலவீனமாக இருக்கும், ஓட்டத்தை நிறுத்துங்கள் என்கிறார்கள் உறவினர்கள். போன மாதம் ஒரு போட்டியில் ஓடி முடித்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டான். என்ன செய்வது?

பதில்: 48 என்ற எண்ணை மட்டும் வைத்து ஓட்டத்தை நிறுத்தாதீர்கள். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்பது பொதுக்கணக்கு. வருடக்கணக்கில் நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கு 40-களில் இருப்பது சகஜம்.

காரணம் எளிமையானது. சும்மா இருக்கும்போது உடம்புக்கு நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் தேவை. பயிற்சியில்லாத இதயம் ஒரு துடிப்பில் ஏறக்குறைய 70 மில்லி தள்ளுகிறது; அதனால் 70 தடவை துடிக்க வேண்டியிருக்கிறது. பயிற்சியால் அறை விரிந்த இதயம் ஒரே துடிப்பில் 100 மில்லி தள்ளினால் 50 துடிப்பே போதும். பலவீனத்துக்கு நேர் எதிரான சங்கதி இது.

நீங்களே பாருங்கள். காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்கும் முன், அவன் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக உங்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வையுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதன் துடிப்பே குழப்பும். முழு 60 விநாடி எண்ணுங்கள். மூச்சை இழுக்கும்போது சற்று வேகமாகவும் விடும்போது மெதுவாகவும் துடிக்கும்; இளம் வயதில் அது இயல்பு. ஒரு வாரம் குறித்து வைத்தால் அவனுடைய வழக்கமான எண் தெரிந்துவிடும். பிறகு ஒரு நாள் அது பத்துக்கு மேல் கூடியிருந்தால் காய்ச்சலோ, தூக்கக் குறைவோ, அளவுமீறிய பயிற்சியோ இருக்கலாம். காய்ச்சலோடு மட்டும் ஓட விடாதீர்கள். வைரஸ் இதயத் தசையைத் தாக்கியிருந்தால் ஓட்டம் ஆபத்தாக முடியும்.

இனி அந்த மயக்கம். ஓடும்போது கால் தசைகள்தான் ரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்புகின்றன. எல்லைக்கோட்டில் சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும், தலை சுற்றும். முடித்ததும் சில நிமிடம் நடக்கச் சொல்லுங்கள். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்தால் அது முற்றிலும் வேறு. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் மோதாமலே ஆட்டத்துக்கு நடுவில் விழுந்தார். இதயம் நின்றுபோயிருந்தது. மார்பை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்ததால்தான் பிழைத்தார்.

ஆகவே இவற்றைக் கேட்டுப் பாருங்கள்: ஓட்டத்தின் நடுவே மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு உண்டா? கூட ஓடுபவர்களைவிட அதிகமாக மூச்சு வாங்குகிறதா? குடும்பத்தில் யாராவது 50 வயதுக்குள் திடீரென்று இறந்திருக்கிறார்களா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு இதய மருத்துவரைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாலும், ஒரு தடவை கண் இருட்டியிருப்பதால், ஒரு இசிஜி எடுத்துவிடுவதே என் விருப்பம். எக்கோ (இதயத்தை ஸ்கேன் செய்து பார்ப்பது) தேவையா என்பதை மருத்துவர் சொல்வார்.

போகும்போது, தினமும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை வருடமாக ஓடுகிறான் என்பதை முதலில் சொல்லுங்கள். ஓட்டக்காரரின் இசிஜி மற்றவர்களுடையதைப் போல இருக்காது; அது தெரிந்தால்தான் மருத்துவர் சரியாக வாசிக்க முடியும்.