கிட்டாரிஸ்ட் சிங்கப்பூர் போய்விட்டார்

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டு மாடியில் நண்பர்கள் நால்வர் ராக் குழு நடத்தி வந்தோம். எட்டுப் பாடல்கள் கொண்ட ஆல்பத்தில் பாதி பதிவான நிலையில் கிட்டாரிஸ்ட் வேலைக்காகச் சிங்கப்பூர் போய்விட்டார். பாஸ் கிட்டார் வாசிக்கும் நானும், கீபோர்டு வாசித்துப் பாடுபவரும், டிரம்மரும்தான் மிச்சம். புதியவரைச் சேர்ப்பதா, ஆல்பத்தைக் கைவிடுவதா?

பதில்: இரண்டுமே வேண்டாம், தம்பி. ஜெனிசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் 1975-இல் பாடகர் பீட்டர் கேப்ரியல் விலகியபோது, பலரைப் பாடவைத்துப் பார்த்தும் மனம் ஒப்பாமல், கடைசியில் டிரம்மர் பில் காலின்ஸையே பாடகராக்கினார்கள். 1977-இல் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் ஹாக்கெட்டும் போனபோது, உங்களைப் போலவே கீபோர்டு, பாஸ், டிரம்ஸ் என மூவர்தான் எஞ்சினார்கள். பாஸ் வாசித்த மைக் ரூதர்ஃபோர்டு கிட்டார் வேலையையும் தாமே ஏற்க, 1978-இல் 'அண்ட் தென் தேர் வேர் த்ரீ' (பிறகு மூவர் இருந்தனர்) என்று எண்ணிக்கையையே தலைப்பாக்கி ஆல்பத்தை வெளியிட்டார்கள். ஹாக்கெட்டின் வாசிப்பை நான் அதில் இன்றும் தேடத்தான் செய்கிறேன். ஆனால் பிரிட்டனின் தனிப்பாடல் விற்பனைப் பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள் அவர்கள் முதன்முதலாக நுழைந்தது, அதிலுள்ள 'ஃபாலோ யூ ஃபாலோ மீ' என்ற எளிய பாட்டினால்தான்.

பதிவின்போது ஒருவரே பாஸையும் கிட்டாரையும் தனித்தனித் தடங்களில் வாசித்துச் சேர்த்துவிடலாம்; மேடையில்தான் அது நடக்காது. அதனால்தான் அவர்களும் சுற்றுப்பயணத்துக்கு மட்டும் கிட்டாரிஸ்ட் டேரில் ஸ்டூமரை அழைத்துக்கொண்டார்கள். நீங்களும் ஆளைத் தேடுவதைக் கச்சேரி வரும்வரை ஒத்திப்போடுங்கள். வெளியூர் போன பங்காளியின் அறை பூட்டிக் கிடந்தாலும் வீட்டு வளவில் விசேஷம் நடக்காமலா இருக்கிறது?

பதிவாகாத பாடல்களில் அவருக்கென ஒதுக்கியிருந்த நீண்ட தனி வாசிப்புகளை அவரைப் போலவே வாசிக்க முயலாதீர்கள். அவற்றைச் சுருக்கி, மிச்சத்தைக் கீபோர்டுக்குக் கொடுங்கள். இன்னொன்று: முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவரும் ஆத்தங்குடிக் கல் தரையும் டிரம்ஸ் ஒலியைத் திருப்பியடிக்கும் என்பதால், அடியில் கோரைப்பாய் விரித்து, பின்னால் கனத்த ஜமக்காளம் ஒன்றைத் தொங்கவிடுங்கள்.

ஏற்கெனவே பதிவான பாடல்களில் அவர் வாசித்ததை அழிக்க வேண்டாம். ஒலிக்கலவை (மிக்ஸிங்) முடிந்ததும் சிங்கப்பூருக்கு அனுப்பி, அவர் சம்மதத்தைக் கேட்டு, அந்தப் பாடல்களுக்குக் கீழே அவர் பெயரையும் போடுங்கள்.